மூணடி ஆளுக்கு ஒரு பூங்கா

மக்களே, ஒரு கேள்வி. மயிலாப்பூர்லயோ, தி.நகர்லயோ, அடையாறுலயோ குடியிருக்கீங்க. வீட்டில் நாலு வயசில் ஒரு வாண்டு. ஞாயித்துக்கிழமை. "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ"ன்னு சட்டையைப் பிடிச்சு இழுக்குது. எங்க போவீங்க?

பீச்சுக்குப் போகலாம். மாலுக்குப் போகலாம், பர்ஸ் இளைச்சுத் திரும்பலாம். லஸ்ல நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகர்ல பனகல் பூங்கா மாதிரி பக்கத்துல இருக்கிற பூங்காவில் சறுக்குமரம், ஊஞ்சல், சீசா. அதுக்கு மேல ராட்டினம், ரயில், தண்ணி என்று கேட்டால் காரை எடுத்துக்கிட்டு ஈ.சி.ஆர். பக்கம்தான் போகணும்.

ஒரு கோடிப் பேர் புழங்குகிற ஊரில் சின்னப் பசங்களுக்கென்றே ஒரு கேளிக்கைப் பூங்கா ஏன் நிலைக்கவில்லை? இந்தக் கேள்வி ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. பொட்டி தட்டுறவனுக்கு ஏன் இந்த வேலைன்னு கேட்காதீங்க :-) கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தால் சென்னையில் இப்படிப்பட்ட இடங்களைத் திறந்தவர்கள் ஒரு சுவாரசியமான கூட்டம். ஒரு வெள்ளைக்கார கவர்னர், ஒரு பிரதமர், தவணையில் ரேடியோ விற்ற ஒரு வியாபாரி, முப்பரிமாணப் படம் எடுத்த ஒரு மலையாளத் தயாரிப்பாளர். ஒவ்வொருத்தர் கதையா பார்ப்போம்.

முதல் ஆள் சர் சார்லஸ் ட்ரெவெல்யன். 1859-60-ல் சென்னை கவர்னர். பதவியில் இருந்த கொஞ்ச காலத்தில் இன்றைய சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கக் காரணமா இருந்தார். 116 ஏக்கர், 11 குளங்கள். எட்வர்ட் பால்ஃபர் 1855-ல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆரம்பித்த மிருகக்காட்சி சாலை 1863-ல் இங்கே வந்து சேர்ந்தது. புலி பார்க்கணுமா, படகு பார்க்கணுமா, பேண்டு வாத்தியம் கேட்கணுமா, எல்லாத்துக்கும் ஊர் சனம் இங்கேதான் வரும். வருஷக் கடைசியில் பார்க் ஃபேர் என்று பெரிய சந்தை கூடும். அந்தச் சந்தையில்தான் 1886 டிசம்பர் 31 அன்று தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். கூட்டமும் கீத்துக் கொட்டகையும் ஒரு இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊர் கொடுத்த முதல் பெரிய விலை அது.

அந்த 116 ஏக்கர் இப்போ எங்கே? மூர் மார்க்கெட் 1900-ல் வந்தது. ரிப்பன் மாளிகை 1913-ல் வந்தது. பின்னாடி நேரு ஸ்டேடியம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம். மிருகங்கள் வண்டலூருக்குப் போயின. அங்கே அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 1985-ல் திறக்கப்பட்டது. பூங்காவை யாரும் ஒரே நாளில் மூடவில்லை. துண்டு துண்டா வெட்டி ஒவ்வொருத்தருக்கும் ஒரு துண்டு கொடுத்தாச்சு. வெட்டின ஒவ்வொரு துண்டுக்கும் நியாயமான காரணமும் இருந்திருக்கும். இந்த மேட்டரை மனசுல வெச்சுக்கங்க, திரும்பத் திரும்ப வரும்.

நிரந்தர இடம் இல்லாதபோது பூங்கா நடமாட ஆரம்பித்தது. அறுபத்துமூவர் உற்சவத்தின்போது மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றிப் பாருங்க. பலூன்காரர், சொப்புச் சாமான் கடை, பஞ்சு மிட்டாய். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் கடைசியில் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை கடற்கரைப் பக்கம் இதே களை. மெரினாவில் கையால் சுற்றிவிடுகிற குடை ராட்டினம், நாலு மரக்குதிரையோட. மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது, ஒரு அண்ணன் தள்ளிவிட்டு ஓடுவார். குழந்தை அழுதால் கையாலேயே பிடித்து நிறுத்துவார். இதைவிட நல்ல அவசர பிரேக் எந்தக் கம்பெனியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் தாழ்மையான கருத்து :-)

தீவுத்திடல் பொருட்காட்சி இதோட பெரிய அண்ணன். பொங்கலை ஒட்டி அரசுத் துறைகளின் அரங்குகள் ஒரு பக்கம், ராட்சத ராட்டினம், கொலம்பஸ், மரணக் கிணறு, டெல்லி அப்பளம் இன்னொரு பக்கம். சென்னையில் வளர்ந்த முக்கால்வாசிப் பேருக்கு முதல் ராட்டினம் இங்கேதான் கிடைத்திருக்கும். ஆனா ரெண்டு மாசம், மூணு மாசம். அப்புறம் எல்லாத்தையும் கழற்றி லாரியில் ஏத்திடுவாங்க.

அடுத்த ஆள் ஜவஹர்லால் நேரு. 1958-ல் கிண்டி ராஜ்பவன் காட்டிலிருந்து நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு பகுதி ஐ.ஐ.டி.க்காக மத்திய கல்வி அமைச்சகத்துக்குப் போனது. இன்னொரு பகுதி நேருவின் விருப்பப்படி மான் பூங்காவுக்கும் சிறுவர் பூங்காவுக்கும் என்று வனத்துறைக்கு வந்தது. சிறுவர் பூங்கா 22 ஏக்கர். ஒரே வருஷத்தில் ஒரே காட்டிலிருந்து நாட்டின் இன்ஜினியர்களுக்கு ஒரு இடம், நாலு வயசுப் பசங்களுக்கு ஒரு இடம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பங்கீடு இது.

1972-ல் ராமுலஸ் விட்டேகரின் பாம்புப் பண்ணை சேலையூரிலிருந்து கிண்டிக்கு, சிறுவர் பூங்காவுக்குப் பக்கத்திலேயே வந்தது. 1978-ல் மொத்தக் காடும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நகருக்குள்ளேயே இருக்கிற தேசியப் பூங்கா இந்தியாவில் அபூர்வம். அந்த அறிவிப்பு நிலத்துக்கு ஒரு பூட்டு. அதுக்கப்புறம் யாரும் வந்து "இங்க ஒரு ஆபீஸ் கட்டிக்கறேனே" என்று சுலபமா கேட்க முடியாது. பீப்பிள்ஸ் பார்க்குக்குக் கிடைக்காத பூட்டு.

கிண்டியில் அப்படி என்ன இருந்தது? கூண்டில் பறவை, குரங்கு, கம்பிக்கு அந்தப் பக்கம் மான், மரத்தடி, ஊஞ்சல், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிசாதம். அவ்வளவுதான். காணும் பொங்கல் அன்னிக்கு உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்பலாம் என்பதுதான் அதோட பெரிய வசதி.

இப்ப தனியார் கதைக்கு வருவோம். வி.ஜி.பன்னீர்தாஸ் என்ற பேரைத் தெரியாத எழுபது எண்பதுகளின் குடும்பம் சென்னையில் இருக்க முடியாது. தவணையில் பொருள் விற்று நடுத்தரக் குடும்பத்துக்குள் ரேடியோவையும் ஃபேனையும் கொண்டு போனவர். பிறகு தவணையில் மனை. எழுபதுகளில் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டி வி.ஜி.பி. கோல்டன் பீச் வந்தது. சிலைகள், தோட்டம், கடல். அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் டூயட் பாடுகிற இடம். அசையாமல் நிற்கிற அந்தச் சிலை மனிதனை ஞாபகம் இருக்கா? அவரைச் சிரிக்க வைத்தால் பரிசு என்று நாம எத்தனை பேர் முகத்தைக் கோணிக் காட்டியிருப்போம்! அவர் சிரிச்சதே இல்லை, நாமதான் சிரிச்சோம்.

கவனிங்க, அதுவரை அது பொழுதுபோகும் இடம்தான், ராட்டின இடம் கிடையாது. சும்மா நடக்கலாம், உட்காரலாம், மணல்ல விளையாடலாம். தாத்தாவும் பேரனும் ஒரே டிக்கெட்டில் ஒரே மாதிரி அனுபவிக்கலாம். 1997-ல் வி.ஜி.பி. யுனிவர்சல் கிங்டம் என்ற பேரில் அது முழு கேளிக்கைப் பூங்காவா மாறியது. ஏன் மாறணும்? காரணம் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி தாம்பரத்தில் நடந்த ஒரு திறப்பு விழாவில் இருக்கு.

1995, கிஷ்கிந்தா. திறந்தவர் நவோதயா அப்பச்சன். சினிமாவில் புதுசு புதுசா எதையாவது செய்துகொண்டே இருந்தவர். 1978-ல் தச்சோளி அம்பு, மலையாளத்தின் முதல் சினிமாஸ்கோப். 1982-ல் படயோட்டம், உள்நாட்டிலேயே தயாரான முதல் 70 எம்.எம். படம். 1984-ல் மை டியர் குட்டிச்சாத்தான், இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். இயக்கியவர் அவர் மகன் ஜிஜோ. அதில் குழந்தைகள் சுவரில் நடந்து கூரையில் தலைகீழா ஆடுவார்களே, அது கேமரா தந்திரம் மட்டும் இல்லை. மொத்த அறையையே இரும்புச் சட்டத்தில் பொருத்திச் சுழற்றினார்கள். கலை இயக்குநர் கே.சேகர். கிஷ்கிந்தாவை வடிவமைத்ததிலும் அவர் கை உண்டு.

யோசிச்சுப் பாருங்க, குழந்தைகளை உள்ளே வைத்துச் சுழலும் ஒரு இரும்பு அறை. படப்பிடிப்புக்குச் செய்தால் அது செட். டிக்கெட் போட்டால் அது ரைடு! குட்டிச்சாத்தானில் இருந்து கிஷ்கிந்தாவுக்கு வர்ற வழி அவ்வளவு தூரம் இல்லை. வால்ட் டிஸ்னியும் சினிமாக்காரர்தான். திரைக்குள்ள காட்டினதை மண்ணில் கட்டினால் என்ன என்று ரெண்டு பேருக்கும் தோன்றியிருக்கு. அப்பச்சன் எடுத்தது 120 ஏக்கர். பேரும் சரியான பேர். ராமாயணத்தில் வானரங்களின் ஊர். பள்ளிக்கூட பஸ்ஸில் இருந்து இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தால் பேர் வைத்தவருக்கு ஒரு ஷொட்டு கொடுக்கலாம் :-)

தொண்ணூறுகளில் சென்னைப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு எக்ஸ்கர்ஷன் என்றால் கிஷ்கிந்தா. செயற்கை அலை வரும் குளத்தை முதலில் பார்த்ததும் அங்கேதான். முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு வந்தது. 2002-ல் ஈ.சி.ஆர். சுங்கச் சாலையாகி வழவழ என்று ஆனதும் அந்தப் பக்கமே ஊரின் கேளிக்கைத் தெருவாகிவிட்டது.

சரி, இவ்வளவு பூங்கா வந்ததே, நாலு வயசு வாண்டுக்கு என்ன கிடைத்தது? இங்கதான் கதை சிக்கலாகுது.

என் அக்கா பெண்ணுக்கு நாலு வயசு இருக்கும்போது ஒரு பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். எது என்பது வேண்டாம். ஒவ்வொரு ரைடு வாசலிலும் ஒரு ஜோக்கர் பொம்மை கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கைக்குக் கீழே தலை இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். அது பாதுகாப்பு, அதில் தப்பே கிடையாது. ஆனா அவ ஒவ்வொரு ஜோக்கர் கிட்டயும் ஓடிப்போய் நுனிக்காலில் நின்னு பார்த்தா. ஏழு ஜோக்கர். ஏழுக்கும் ஃபெயில். எட்டாவது இடத்தில் ஜோக்கரே இல்லை, சின்ன ரயில். அதில் மூணு தடவை ஏறினா. மத்தியானம் பூரா அவள் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்க அத்தான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

ஏன் இப்படி? உள்நோக்கம் எதுவும் இல்லை, வெறும் கணக்குதான். நம்ம தொழில்ல ஒரு சர்வர் ஒரு நொடிக்கு எத்தனை கோரிக்கையைத் தாங்கும் என்று பார்ப்போம் இல்லையா, பூங்காக்காரரும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஆள் என்று பார்க்கிறார். சும்மா ஒரு உதாரணத்துக்கு, கொலம்பஸ் கப்பலில் 40 பேர் உட்காரலாம் என்று வைங்க. மூணு நிமிஷம் ஆட்டம், மூணு நிமிஷம் ஏத்தி இறக்க. மணிக்கு பத்து நடை, 400 பேர். குழந்தைகள் குடை ராட்டினத்தில் 24 குதிரை. ஆட்டம் மூணு நிமிஷம்தான். ஆனா ஏத்த அஞ்சு நிமிஷம் ஆகும். ஒருத்தன் சிவப்புக் குதிரைதான் வேணும்பான், ஒருத்தி அம்மாவும் ஏறணும்பா, ஒருத்தன் கடைசி நொடியில் அழுதுக்கிட்டு இறங்குவான். மணிக்கு ஏழு நடை, 168 பேர். கப்பலில் ஏறினவன் முழு டிக்கெட். குதிரையில் ஏறினது அரை டிக்கெட்.

கல்லூரிக் கூட்டமும் எங்களை மாதிரி டீம் அவுட்டிங் கூட்டமும் முப்பது, நாப்பது பேரா வரும். முழு டிக்கெட், சாப்பாட்டுக் கூப்பன், டி-ஷர்ட் ஃபோட்டோ. வருஷா வருஷம் அவங்களைத் திரும்ப வர வைக்கணும்னா புதுசா, பெருசா, இன்னும் உயரமா ஒரு ரைடு வேணும். அது வாங்கின கடனை அடைக்க இன்னும் கூட்டம் வேணும். இப்படியே போனால் குடும்பப் பூங்கா என்று பலகை மாட்டின இடம் பத்து வருஷத்தில் இருபது வயசுக்காரர்களின் இடமா மாறிடும். யாரும் திட்டம் போடலை. கணக்கு அங்கேதான் கொண்டு போய் விடுது.

இதோட மழையையும் சேர்த்துக்கங்க. நம்ம ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே லீவில் கூட்டம், ஆனா வெயில் மண்டையைப் பிளக்கும். பொங்கல் லீவு. அதைத் தவிர சனி, ஞாயிறு, பள்ளிக்கூட பஸ். வருஷத்தில் பாதி நாள் காலியா சுத்துற ராட்டினத்துக்கும் கிரீஸ் போடணும், ஆபரேட்டருக்குச் சம்பளம் கொடுக்கணும்.

வரி இன்னொரு கூத்து. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கேளிக்கைப் பூங்காவுக்கும் ராட்டினத்துக்கும் 28 சதவீதம். ஆடம்பரக் காருக்கு என்ன அடுக்கோ, மரக்குதிரைக்கும் அதே அடுக்கு. 2018 ஜனவரியில் 18 சதவீதமா குறைத்தார்கள்.

பாதுகாப்பு இதையெல்லாம் விடப் பெருசு. 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் ஒரு ரைடை வெள்ளோட்டம் விட்டபோது விபத்து. ஓர் ஊழியர் உயிரிழந்தார், பலருக்குக் காயம், பூங்காவை மூட வேண்டி வந்தது. 2025 மே மாதம் வி.ஜி.பி.யில் ஒரு ரைடு பழுதாகி முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயரத்திலேயே சில மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறையின் ஏணி வண்டி வந்து எல்லாரையும் பத்திரமா இறக்கியது. உயரம் கூடக் கூடப் பராமரிப்புச் செலவும் கூடுது, ஒரு போல்ட் கழன்றால் நடக்கக்கூடிய விபரீதமும் கூடுது. தரையோடு ஓடுகிற சின்ன ரயிலுக்கும் சோதனை வேணும்தான். ஆனா அது நின்னுபோனால் இறங்கி நடந்து வந்துடலாம்.

எல்லாத்துக்கும் மேல நிலம். டெல்லியில் அப்பு கர் 1984 நவம்பர் 19 அன்று பிரகதி மைதானத்தில் திறந்தது. 1982 ஆசிய விளையாட்டின் யானைச் சின்னம் அப்புவின் பேர். ஊருக்கு நடு மத்தியில் இருந்ததாலேயே ஒரு தலைமுறைக்கே அது சொந்தமாச்சு. நடு மத்தியில் இருந்ததாலேயே 2008-ல் அந்த நிலம் வேற வேலைக்குத் தேவைப்பட்டு மூடினார்கள். மும்பை கோராய் பக்கம் 1989-ல் திறந்த எஸ்ஸெல் வேர்ல்டு 2022-ல் மூடப்பட்டது. நகரம் வளர வளர ராட்டினம் சுற்றுகிற நிலத்தின் விலை ராட்டினத்தைவிட வேகமா சுற்ற ஆரம்பிக்குது. பீப்பிள்ஸ் பார்க் கதைதான், ஊர் மட்டும் வேற.

நம்ம ஊரிலும் பாருங்க. ஈஞ்சம்பாக்கம், அப்புறம் முட்டுக்காடு, இப்போ திருப்போரூர் பக்கம் இள்ளலூர். அங்கே 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்தது. 64 ஏக்கர், 611 கோடி ரூபாய். உள்ளாட்சி வரியிலிருந்து விலக்கு கிடைத்த பிறகுதான் அந்தத் திட்டம் நகர்ந்தது. பிரமாதமான பூங்காவா இருக்கலாம், அதைக் குறை சொல்ல நான் வரலை. ஆனா மயிலாப்பூரிலிருந்து சுமார் நாப்பது கிலோமீட்டர். நாலு வயசுக் குழந்தை போகும்போது தூங்கும், வரும்போது வாந்தி எடுக்கும்.

அப்ப சின்னதா, ஊருக்குள்ளேயே, சின்னப் பசங்களுக்கு மட்டும் என்று ஒரு பூங்கா நடத்தவே முடியாதா? முடியும். அமெரிக்காவில் ஓக்லாந்து நகரில் எழுபது வருஷத்துக்கு மேல நடத்தியிருக்காங்க. மெரிட் ஏரிக்கரையில் சில்ட்ரன்ஸ் ஃபேரிலேண்ட். 1950 செப்டம்பர் 2 அன்று திறந்தது. பத்தே ஏக்கர். நிலம் நகரப் பூங்காவோடது. பணம் திரட்டியது உள்ளூர் சங்கம் ஒன்று. ஆரம்பத்தில் டிக்கெட் 9 சென்ட், 14 சென்ட். குழந்தைப் பாட்டுகளில் வருகிற வீடுகளையும் மிருகங்களையும் குழந்தை உயரத்துக்குக் கட்டினார்கள். உள்ளே போகிற வழி ஒரு பெரிய பூட்ஸுக்குள்ளே. குழந்தை நிமிர்ந்து நடக்கும், அப்பா குனிஞ்சு போகணும். நம்ம ஜோக்கர் பொம்மைக்கு நேர் எதிர்! இதைவிட அழகு, குழந்தை இல்லாமல் தனியா வர்ற பெரியவங்களுக்கு அனுமதியே கிடையாது.

வால்ட் டிஸ்னி அங்கே வந்து சுற்றிப் பார்த்தார். பார்த்துட்டு சும்மா போகலை, பூங்காவை நடத்திக்கிட்டிருந்த டாரத்தி மேன்ஸ் அம்மையாரையே தன்னோட புதுப் பூங்கா வேலைக்கு எடுத்துக்கிட்டார். 1955 ஜூலை 17 டிஸ்னிலேண்ட் திறப்பு. பெரியவர் சின்னவரைப் பார்த்துக் கத்துக்கிட்டார். ஃபேரிலேண்ட் பெரியவரோட போட்டி போடலை, கடைசி வரை சின்னதாவே இருந்தது. 1994-ல் நகரத்தால் செலவைத் தாங்க முடியாமல் போனபோது லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. அவங்களுக்கு எல்லாத்தையும் விடப் பெரிய உதவி, அந்தப் பத்து ஏக்கருக்கு யாரும் வாடகைக் கணக்குப் பார்க்காததுதான்.

இதைப் படிச்சப்புறம்தான் 2024-ல் நம்ம ஊரில் நடந்த ரெண்டு விஷயம் எனக்கு வேற மாதிரி தெரிஞ்சது. ஆகஸ்டில் கிண்டி சிறுவர் பூங்காவை சுமார் 30 கோடி செலவில் புதுப்பித்துத் திறந்தார்கள். அதே 22 ஏக்கர். அக்டோபர் 7 அன்று கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. வேளாண் தோட்டக்கலைச் சங்கத்திடம் இருந்து அரசு மீட்ட நிலத்தில் ஆறு ஏக்கர், சுமார் 46 கோடி. எதிரே செம்மொழிப் பூங்கா, அது 2010-ல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடத்தில் வந்தது. கோபாலபுரத்துக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில், ஊரின் விலை உயர்ந்த சாலைகளில் ஒன்றில், ஆறு ஏக்கரை விளையாடக் கொடுத்திருக்காங்க. அந்த முடிவு சாதாரணமானது கிடையாது. எந்தக் கட்சி ஆட்சி என்பதைத் தள்ளி வெச்சுட்டுப் பாருங்க.

ஆனா அந்தப் பூங்கா எதுக்குப் பேர் வாங்கியது? 500 மீட்டர் ஜிப்லைனுக்கு. கம்பியில் தொங்கிக்கிட்டு போறதுக்கு நாலு வயசு ஆள் வர முடியுமா? திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50. அப்பா, அம்மா, ஒரு குழந்தை உள்ளே கால் வைக்கவே 250. ஜிப்லைனுக்குத் தனிக் கட்டணம். பொது நிலத்தில் வந்த பூங்காவும் அதே ஜோக்கர் பொம்மையைத் தூக்கிட்டு வந்தால் எப்படி? கடன் கட்ட வேண்டிய தனியாருக்கு உயரமான ரைடு தேவை. நிலத்துக்கு வாடகை கொடுக்காத பூங்காவுக்கு அந்தத் தேவை என்ன?

இவ்வளவையும் பார்த்த பிறகு எனக்குப் புரிஞ்சது இதுதான். சின்னக் குழந்தைகளுக்கான பூங்காவைத் திறக்கிறது கஷ்டமே இல்லை. கவர்னரும் திறந்தார், வியாபாரியும் திறந்தார், சினிமாக்காரரும் திறந்தார். சின்னதாவே, சின்னவங்களுக்காகவே வைத்திருப்பதுதான் கஷ்டம். நிலம் சம்பாதிச்சே ஆகணும் என்ற நிலை வந்த இடத்தில் எல்லாம் குழந்தை முதலில் வெளியே போயிருக்கு. நிலத்துக்குப் பூட்டு போட்ட இடம் ஒண்ணே ஒண்ணு, கிண்டி. 1958-ல் ஒதுக்கின அந்த 22 ஏக்கர் இன்னும் குழந்தைகளிடம்தான் இருக்கு.

அதனால் என் ஆசைப் பட்டியல் ரொம்பச் சின்னது. அடையாறு, மயிலை, தி.நகர் வட்டாரத்தில் பஸ் போகிற சாலையில் அஞ்சாறு ஏக்கர் பொது நிலம். கதீட்ரல் சாலை அது முடியும்னு காட்டிடுச்சு. குடை ராட்டினம் ஒண்ணு, தரையோட ஓடுற ரயில் ஒண்ணு, கணுக்கால் ஆழத் தண்ணி, மழைக்கு ஒதுங்கக் கூரை, கழிவறையில் குழந்தை உயரத்தில் குழாய். நம்ம கதைகளுக்கு என்ன பஞ்சம்? வடை திருடின காக்கா, தெனாலிராமன் பூனை, விக்கிரமாதித்தன் வேதாளம் தொங்குகிற முருங்கை மரம். வாசலை மட்டும் மூணரை அடிக்குக் கட்டுங்க. பெரியவங்க குனிஞ்சு வரட்டும்.

நீங்க போன முதல் ராட்டினம் எது, அந்த இடத்தில் இப்போ என்ன இருக்கு? பின்னூட்டத்தில் சொல்லுங்க. ஊர் ஊரா ஒரு பட்டியல் சேர்ந்தால் நாம எத்தனை ஏக்கரைத் தொலைச்சிருக்கோம்னு தெரிஞ்சிடும்.